டேப்பட் சத்தம் அடங்கவில்லையா? ராக்கர் நேராக நிற்கிறதா பாருங்கள்

அப்பாவின் பழைய அம்பாசிடர், 1489 சிசி பெட்ரோல். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் போய்ச் சேர்வதற்குள் தையல் மெஷின் மாதிரி டிக் டிக். மூன்று முறை டேப்பட் செட் செய்தாயிற்று, அதாவது வால்வுக்கும் அதை அமுக்கும் ராக்கர் என்ற நெம்புகோலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சரிசெய்தாயிற்று. இரண்டே நாளில் சத்தம் திரும்பிவிடும். கோளாறு இடைவெளியில் இல்லை என்று எனக்கு உறைக்க ஒரு மாதம் ஆனது.

எஞ்சின் ஆறியதும் பிளக் நான்கையும் கழற்றி, டேப்பட் கவரைத் தூக்குங்கள். ஹேண்டில் போட்டு மெல்லச் சுற்றச் சொல்லி, டார்ச் அடித்து நேர்மேலிருந்து பாருங்கள். ராக்கரின் மூக்கு வால்வுத் தண்டின் நடுவில் அமுக்க வேண்டும். என் வண்டியில், ரேடியேட்டர் பக்கமிருந்து 6-வது ராக்கர் ஓரமாக மிதித்துக்கொண்டிருந்தது. தண்டின் தலையில் பிறை மாதிரி ஒரு பளபளப்பு. முன்னால் பிரித்த புண்ணியவான், ராக்கர்களைக் கோத்திருக்கும் ஷாஃப்டில் ஒரு வாஷரைப் போடாமல் விட்டுவிட்டார்.

ஷாஃப்டைக் கழற்றுவதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ராக்கர் பிராக்கெட் நட்டுகளில் நான்கு, சிலிண்டர் ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. தெரியாமல் அவற்றை மட்டும் கழற்றினேன். ஹெட் ஒரு பக்கம் இளகி, தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கி, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவினால் கும்பகோணம் டிகிரி காபி! ஆகவே முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள். பிறகு ஹெட் நட்டுகள் அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் ஒன்று கையில் இருக்கட்டும். அம்பாசிடர் செய்த உத்தர்பாரா ஆலை 2014-லேயே நின்றுவிட்டது, கடையில் கேட்டதும் எடுத்துத் தர மாட்டார்கள்.

ராக்கரைக் கீழிருந்து தள்ளும் கம்பியான புஷ்ராடை நேராக இழுக்காதீர்கள். எண்ணெய்ப் பிடிப்பில் அடியிலுள்ள டேப்பட்டும் கூடவே வரும். முறுக்கி விடுவித்து எடுத்து, அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். கண்ணாடி மேல் உருட்டினால் வளைந்தது தத்தும்.

வாஷர், ஸ்பிரிங் வரிசையைப் பிரிக்கும் முன்பே போட்டோ எடுத்திருப்பீர்கள்தானே? அதன்படி கோத்து, நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சுற்றுச் சுற்றாக இறுக்குங்கள். இதற்கு, எவ்வளவு இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். 'கை அளவு தெரியும்' என்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

செட்டிங்குக்கு 9 கணக்கு, ரேடியேட்டர் பக்கமிருந்து எண்ணுங்கள்: 8-வது வால்வு முழுக்க அமுங்கி நிற்கும்போது 1-ஐச் சரிசெய்யுங்கள், 6 அமுங்கினால் 3. கூட்டினால் எப்போதும் 9. இடைவெளி 0.015 அங்குலம்.

பின்சேர்க்கை: 'எல்லாம் செய்தேன், ஒரு ராக்கரில் மட்டும் சத்தம் இருக்கிறது' என்று கேட்டிருந்தார் ஒருவர். அந்த ராக்கரின் மூக்கை நகத்தால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் குழியின் இரு கரையிலும் பாலம் போல உட்கார்ந்து, இடைவெளி சரி என்று பொய் சொல்லும். ராக்கரை மாற்றிவிட்டு மறுபடி செட் செய்யுங்கள்.