புதிதாக வாங்கிய வீட்டுக்குச் சொத்து வரி கூடுதலாக வந்தால்: காரைக்குடிப் பக்கம் மனு போடும் முறை

செட்டிநாட்டில் பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு வரி எகிறுவதற்குக் காரணம் பெரும்பாலும் வாங்கிய விலை இல்லை, பதிவேட்டில் இருக்கும் அளவுதான். பத்திரத்தில் எத்தனை லட்சம் எழுதினீர்கள் என்று பார்த்து இங்கே சொத்து வரி போடுவதில்லை. தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, கட்டடப் பரப்பு எவ்வளவு, கான்கிரீட் தளமா ஓடா, குடியிருப்பா வணிகமா, கட்டி எத்தனை வருஷம் ஆகிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் தொகை. பத்திர ஆபீஸில் பேசும் வழிகாட்டி மதிப்பு வேறு கணக்கு, அதை இந்த மனுவில் இழுக்காதீர்கள்.

அதனால் “இவ்வளவு வரி எங்களால் கட்ட இயலாது” என்று எழுதும் மனு நிற்காது. “பரப்பு 7,200 சதுர அடி என்று பதிவாகியிருக்கிறது, உண்மையில் 6,380” என்று எழுதும் மனு நிற்கும். சதுர அடி விகிதமும் அரசாணைப்படி வரும் பொது உயர்வும் ஊருக்கே பொது, அதைக் கவுன்ட்டரில் மாற்ற முடியாது. உங்கள் வீட்டைப் பற்றிய விவரம் தவறாக இருந்தால் அதைத் திருத்தியே ஆக வேண்டும்.

எந்த அலுவலகம்?

காரைக்குடி 2024-ல் மாநகராட்சியானது. கோட்டையூரும் கண்டனூரும் அதில் சேர்ந்துவிட்டன. உங்களிடம் இருக்கும் பழைய ரசீதில் பேரூராட்சி என்று இருந்தாலும் மனு இப்போது மாநகராட்சி ஆணையருக்குத்தான். தேவகோட்டையில் நகராட்சி ஆணையர். பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்றால் பேரூராட்சி செயல் அலுவலர். ஆத்தங்குடி போன்ற கிராமங்களில் இது ‘வீட்டு வரி’, ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து ஒரு நகலை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு அனுப்புங்கள். அளக்கும் முறையும் காகிதங்களும் எங்கும் ஒன்றே.

முதலில் பெயர் மாற்றம்

வரி எண் விற்றவர் பெயரில் இருக்கும்போது நீங்கள் கொடுக்கும் மனுவை “சொத்து உங்கள் பெயரில் இல்லையே” என்ற ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். பத்திர நகல், வில்லங்கச் சான்று, கடைசி வரி ரசீது, அடையாள அட்டை இவற்றோடு பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் பதிவு முடிந்த கையோடு கொடுங்கள். வில்லங்கச் சான்றில் வரி பாக்கி தெரியாது. பாக்கி சொத்தின் மேலேயே நிற்கும், அதனால் விற்றவரின் பழைய பாக்கியும் உங்கள் தலையில்தான் விடியும். வந்த தொகையில் எவ்வளவு நடப்பு, எவ்வளவு நிலுவை என்று பிரித்துப் பாருங்கள். வரி உயர்ந்துவிட்டது என்று பதறுகிற பலருக்கு உயர்ந்திருப்பது நிலுவைதான்.

சொத்து வரியோடு நூலக வரி (ரூபாய்க்கு 10 காசு), குடிநீர், குப்பைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து வந்திருக்கலாம். இந்த மனு சொத்து வரிக்கு மட்டும். வீடு இருக்கும் அதே மனைக்குக் காலிமனை வரி தனி எண்ணில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் அதை ரத்து செய்யத் தனி மனு போடுங்கள்.

பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள்?

வருவாய்ப் பிரிவில் வரி எண்ணைச் சொல்லி பரப்பு, கட்டட வகை, பயன்பாடு, வயது நான்கையும் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பித்து வரிவிதிப்புப் பதிவேட்டின் நகலையும் அளவுக் குறிப்பையும் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு. ஆனால் வரி நோட்டீஸில் போட்டிருக்கும் ஆட்சேபணைக் கெடு அதற்காகக் காத்திருக்காது. கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிட்டு நகலைப் பின்னால் சேருங்கள்.

அளப்பது: இங்கேதான் வேலையே

மனு கொடுக்கும் முன் நீங்களே அளந்துவிடுங்கள். மனு போனால் அதிகாரி மறுபடி அளப்பார். பதிவாகாத மாடியோ பின்கட்டில் புதுக் கழிவறையோ இருந்தால் வரி குறைவதற்குப் பதில் ஏறும். உங்கள் கணக்கில் பரப்பு குறைவாக வந்தால் மட்டும் மேலே போங்கள்.

வேண்டியது 100 அடி டேப், இரண்டு ஆள், கட்டம் போட்ட தாள். கட்டடப் பரப்பு என்பது சுவரையும் சேர்த்தது. இந்த வீடுகளின் சுவர் தடிமனானது, அறை அறையாக உள்ளே அளந்து கூட்டினால் பரப்பு குறைவாக வரும், அதிகாரியின் வெளி அளவோடு ஒத்துப்போகாது. வெளிச்சுவர் விளிம்பிலிருந்து விளிம்பு வரை அளக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று முற்றம். முகப்பிலிருந்து பின்கட்டு வரை நீள அகலத்தைப் பெருக்கி அப்படியே பதிந்துவிடுவார்கள். வானம் தெரியும் முற்றம் கட்டடம் ஆகாது. ஒரு மாதிரிக் கணக்கு: வீடு 60 × 120 = 7,200 சதுர அடி. வளவு (வீட்டின் நடுக்கட்டு) முற்றம் 18 × 30 = 540, இரண்டாங்கட்டு முற்றம் 14 × 20 = 280. இரண்டும் 820. கழித்தால் 6,380, அதாவது 11 சதவீதத்துக்கு மேல் குறைவு. சுற்றியுள்ள தாழ்வாரத்துக்குக் கூரை இருப்பதால் அதைக் கழிக்காதீர்கள், திண்ணையும் அப்படியே. முற்றத்துக்கு மேல் கண்ணாடியோ பிளாஸ்டிக் ஷீட்டோ போட்டிருந்தால் அதையும் கூரை என்றே எழுதுவார்கள், வாதிட இடம் குறைவு.

இன்னொன்று மாடி. பல வீடுகளில் மாடி முகப்புக்கு மேல் மட்டும்தான். ‘தரைத்தளம், முதல் தளம்’ என்று எழுதி முழுப் பரப்பையும் இரண்டால் பெருக்கியிருந்தால் வரி ஏறக்குறைய இரட்டிப்பாகியிருக்கும்.

பின்கட்டு இடிக்கப்பட்ட வீடா? இடித்ததை எழுதித் தெரிவிக்கும் வரை அந்தப் பகுதிக்கும் வரி ஓடும். பங்காளிகளிடமிருந்து ஒரு பங்கு மட்டும் வாங்கியவர்கள் வரி எண்ணைப் பிரித்துத் தரும்படி கேட்க வேண்டும். இது 2022 பொது உயர்விலேயே பலரைப் பாதித்த விஷயம். அப்போது நகராட்சிக் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏற்றினார்கள். மொத்த வீடும் ஒரே எண்ணில் இருந்தால் எல்லாப் பங்கும் உச்ச அடுக்கில் விழும்.

பயன்பாடு, வயது, வகை

விற்றவர் முகப்பைக் கடைக்கோ அலுவலகத்துக்கோ வாடகை விட்டிருந்தால் வணிக வரியே தொடரும். இப்போது குடியிருப்புதான் என்பதற்கு 1ஏ (வீட்டு இணைப்பு) கட்டண வகை காட்டும் மின் ரசீது நல்ல ஆதாரம். வயதுக்குப் பழைய பத்திரமோ பழைய வரி ரசீதோ வையுங்கள். ஓட்டுக்கூரைப் பகுதி கான்கிரீட் என்று பதிவாகியிருந்தால் புகைப்படம் போதும். பாரம்பரிய வீடு என்பதால் சலுகை கேட்க வேண்டாம். செட்டிநாட்டுக் கிராமங்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருப்பது பெருமைதான், ஆனால் வரி அதனால் குறையாது.

மனு

ஒரு பக்கம் போதும்:

“பொருள்: வரிவிதிப்பு எண் ____, ____ தெரு, கதவு எண் ____: சொத்து வரி மறுஆய்வு கோருதல். மேற்படி கட்டடத்தின் பரப்பு பதிவேட்டில் 7,200 சதுர அடி எனக் காட்டப்பட்டுள்ளது. திறந்த முற்றங்கள் 820 சதுர அடி நீங்கலாக உண்மைப் பரப்பு 6,380 சதுர அடி. அளவு வரைபடமும் புகைப்படங்களும் இணைத்துள்ளேன். நேரில் அளந்து வரியைத் திருத்தி உத்தரவிட வேண்டுகிறேன்.”

வரைபடத்தில் உரிமம் பெற்ற பொறியாளர் கையெழுத்து இருந்தால் பேச்சு சீக்கிரம் முடியும். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் தேதி முத்திரை வாங்குங்கள். முத்திரை கிடைக்காவிட்டால் அன்றைக்கே ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பில் கலெக்டரிடம் சொல்லிவிட்டு வருவது மனு ஆகாது.

வருவாய் ஆய்வாளர் அளக்க வரும் நாளில் வீடு பூட்டிக் கிடந்தால் ‘பழைய அளவே தொடரும்’ என்று குறிப்பு எழுதி முடித்துவிடுவார்கள். வெளியூரில் இருப்பவர்கள் சாவி வைத்திருக்கும் உறவினருக்கு அதிகாரக் கடிதம் கொடுத்து வையுங்கள். அளந்த எண்களை அவர் எழுதும்போதே நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு வரும் வரை வரியை நிறுத்தி வைக்காதீர்கள், வட்டி ஏறும். ‘ஆட்சேபணைக்கு உட்பட்டு’ என்று கடிதம் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். ஏப்ரல், அக்டோபர் மாதங்களுக்குள் கட்டினால் அந்த அரையாண்டுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய், ஊக்கத்தொகை உண்டு. உத்தரவு பாதகமாக வந்தால் மாநகராட்சியிலும் நகராட்சியிலும் வரி மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அங்கே போகும்போது வரி கட்டிய ரசீது கையில் இருக்க வேண்டும்.

சாதகமான உத்தரவு வந்த பிறகும் ஒரு வேலை மிச்சம். இணையத்தில் வரி எண்ணைப் போட்டுப் பார்த்து, புதுப் பரப்பு ஏறியிருக்கிறதா, கூடுதலாகக் கட்டிய தொகை அடுத்த அரையாண்டில் கழிந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். கழியாவிட்டால் உத்தரவு எண்ணைக் குறிப்பிட்டு அன்றைக்கே இன்னொரு கடிதம் கொடுங்கள்.