மலையகத்து வீட்டுச் செடிகளில் பூச்சிகளை இனங்காண்பதும் ஒழிப்பதும்

மலையக வீடுகளின் இஸ்தோப்பிலும் யன்னல் ஓரத்திலும் வளரும் அந்தூரியம், பெகோனியா, ஜெரேனியம், ஓர்கிட், பன்னம் முதலியவற்றைத் தாக்கும் பூச்சிகள் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் காணப்படும் அதே பூச்சிகள்தான். ஆயினும் அங்கே செய்யும் வைத்தியத்தை அப்படியே இங்கும் செய்தால் பெரும்பாலும் பலன் கிடைப்பதில்லை. நுவரெலியா போன்று 1,800 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் குளிரால் பூச்சியின் வளர்ச்சி மெதுவாகிறது. தெளித்த கரைசல் காய்வதற்கும் நெடுநேரம் பிடிக்கிறது. எனவே எந்த மருந்து என்பதைக் காட்டிலும், அதை எந்த நேரத்தில், எத்தனை நாள் இடைவெளியில் தெளிக்கிறோம் என்பதே இங்கு முக்கியம்.

முதலில் செடியை நன்றாகப் பார்க்க வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பூச்சாடியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, இலைகளின் அடிப்பக்கத்தையும், இலைக்காம்பு தண்டோடு சேரும் கவட்டையும், புதுக்குருத்தையும் பார்ப்பது போதுமானது. இலையில் பிசுபிசுப்பு இருந்தாலோ, அதன்மேல் கரி பூசியது போன்ற பூஞ்சை படிந்திருந்தாலோ, சாடியின் விளிம்பில் எறும்புகள் வரிசையாக ஏறினாலோ, சாற்றை உறிஞ்சும் பூச்சி அங்கே பெரும்பாலும் இருக்கிறது என்று கொள்ளலாம். எறும்பு செடியைத் தின்ன வருவதில்லை. பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக வருகிறது. அந்த இனிப்புக்காகவே பூச்சியை அதன் எதிரிகளிடமிருந்து காக்கவும் செய்கிறது. ஆகவே எறும்பைத் தடுக்காமல் பூச்சியை மட்டும் ஒழிக்க முயல்வது வீண் வேலையாகும். அகன்ற தட்டில் நீர் ஊற்றி, அதன் நடுவே ஓடு ஒன்றை வைத்து, சாடி நீரில் படாதவாறு அதன்மேல் நிறுத்தினால் எறும்பின் வழி அடைபடும். செடியின் இலைகள் சுவரைத் தொடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாவுப்பூச்சியே இவற்றுள் மிகப் பரவலானது. கவடுகளில் பஞ்சுத் துணுக்குப் போல் வெள்ளையாக ஒட்டியிருக்கும். ஈர்க்கால் நெருடினால் உள்ளே இளஞ்சிவப்பு அல்லது மஞ்சள் நிற உடல் தெரியும். திறந்த இஸ்தோப்பில் இதைக் கண்டவுடன் நசுக்கிவிடுவது சரியன்று, ஏனெனில் பொறிவண்டு இனங்கள் சிலவற்றின் புழுக்களும் இதே வெள்ளை மெழுகுப் போர்வையோடுதான் திரியும். தொட்டவுடன் விரைவாக நகர்ந்தால் அது மாவுப்பூச்சியைத் தின்னும் நண்பன். அதை விட்டுவிட வேண்டும். மாவுப்பூச்சியோ இருந்த இடத்திலேயே கிடக்கும், நகர்ந்தாலும் மிக மெதுவாக நகரும். எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் பஞ்சுக் குச்சியை நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுப்பதே சிறந்த வழி. கள்ளி வகைகள் காரணமின்றி வாடினால், செடியைச் சாடியிலிருந்து கழற்றி வேரைப் பார்க்க வேண்டும். வேரிலும் சாடியின் உட்புறத்திலும் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. மண் முழுவதையும் அகற்றி, வேரைக் கழுவி, புதிய மண்ணில் நடுவதே நம்பகமான வழி.

செதில் பூச்சி தண்டிலும் இலை நரம்பிலும் சிறு வடுப் போல அசையாமல் இருப்பதால், பலர் அதைச் செடியின் பாகம் என்றே எண்ணிவிடுகின்றனர். நகத்தால் சுரண்டினால் பெயர்ந்து வந்தால் அது பூச்சிதான். 1869 இல் தோன்றிய இலைத்துரு நோயால் நலிந்திருந்த இலங்கையின் கோப்பித் தோட்டங்களை 1880களில் மேலும் நலியச் செய்தது இவ்வினத்தைச் சேர்ந்த பச்சைச் செதில் பூச்சியே. இன்று அது தேசி, வெட்சி போன்ற செடிகளிலும் காணப்படுகிறது. முதிர்ந்த பூச்சியின் ஓட்டைக் கரைசல் எளிதில் ஊடுருவாது. எனவே பழைய பல்துலக்கும் தூரிகையைச் சவர்க்கார நீரில் தோய்த்துத் தேய்த்து உதிர்த்த பின்னரே தெளிக்க வேண்டும்.

இலைச்சாற்றை உறிஞ்சும் நுண்ணிய உண்ணியான சிவப்புச் சிலந்தியைப் பற்றித் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; தேயிலை இலையின் மேற்புறம் செம்பு நிறமாக மாறுவதை அவர்கள் பார்த்தே பழகியவர்கள். அந்தப் பழக்கமே வீட்டுச் செடியில் அவர்களை ஏமாற்றவும் கூடும். தேயிலைச் சிலந்தி பெரும்பாலும் இலையின் மேற்பக்கத்தில் வாழ்கிறது. வீட்டுச் செடிகளில் அதிகம் காணப்படும் இருபுள்ளிச் சிலந்தியோ அடிப்பக்கத்தில் இருந்துகொண்டு சாற்றை உறிஞ்சுகிறது. மேற்பக்கத்தில் ஊசியால் குத்தியது போன்ற வெளிறிய புள்ளிகள் மட்டுமே தெரியும். சந்தேகம் வந்தால் இலைக்குக் கீழே வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்ட வேண்டும்; விழுந்த தூசியில் சில துகள்கள் நடக்கத் தொடங்கினால் அவை சிலந்திகள்தான். ஊவாப் பக்கத்தில் யூன் முதல் ஓகஸ்ட் வரை வீசும் வறண்ட காற்றின்போதும், மேற்குச் சரிவுகளில் ஆண்டின் முதல் மாதங்களில் மழை குறையும்போதும் இவை பெருகும். மழைக்காலத்திலும் அடுப்புக்கு அருகே வைத்த செடி தப்புவதில்லை, அங்குள்ள காற்று எப்போதும் உலர்ந்தே இருக்கும். ஓடும் நீரில் இலைகளின் அடிப்பக்கத்தை நன்றாக அலசுவதே இதற்கு முதல் வைத்தியம்.

அசுவினி புதுக்குருத்தில் கூட்டமாக அமரும். விரலாலோ நீராலோ எளிதில் அகற்றலாம். வெள்ளை ஈ செடியை அசைத்தவுடன் பறந்து எழும். இலைப்பேன் இலையில் வெள்ளி பூசியது போன்ற கோடுகளையும் கருமையான சிறு எச்சப் புள்ளிகளையும் விட்டுச் செல்லும். காலையில் பளபளக்கும் தடம் தெரிந்தால் அது நத்தை அல்லது ஓடில்லா நத்தை; இரவில் டோர்ச் வெளிச்சத்தில் பிடிப்பதுதான் வழி.

பனிமூட்டம் நீங்காத மாதங்களில் சாடி மண்ணுக்கு மேலே பறக்கும் சிறு கருநிற ஈக்களைப் பற்றித்தான் அதிகமானோர் முறையிடுகின்றனர். ஈ தீங்கற்றது, மண்ணின் மேற்பரப்பில் வாழும் அதன் புழுவே இளவேர்களைக் கடிக்கிறது. உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து மண்மீது வைத்து, ஓரிரு நாள் கழித்துத் திருப்பிப் பார்த்தால், கருந்தலையுடைய கண்ணாடி போன்ற புழுக்கள் அதில் ஒட்டியிருப்பதைக் காணலாம். கிழங்கோடு அவற்றை அப்புறப்படுத்தி, மீண்டும் வைக்கலாம். தும்புத்தூள் அதிகம் கலந்த மண் நீரை விடாது பிடித்துக்கொள்வதால் இந்த ஈக்கு மிகவும் உகந்தது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து மேற்பகுதி உலர்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும். மூடுபனிக் காலத்தில் அதற்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். மருந்தால் தீராத தொல்லை இவ்வாறு நீரைக் குறைப்பதால் தீரும்.

பொதுவாகத் தெளிப்பதற்கு இரண்டு கரைசல்கள் போதும். ஒரு லீற்றர் நீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சவர்க்காரத்தைக் கலப்பது ஒன்று. அதே அளவு நீரில் 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெயையும் சில துளி சவர்க்காரத்தையும் கலப்பது மற்றொன்று. மலையகத்துக் குளிரில் வேப்பெண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்து, வெண்ணெய் போலக் கட்டியாகிவிடும். அதை அப்படியே நீரில் இட்டால் கரையாமல் மிதந்து, தெளிப்பானின் துளையை அடைத்துவிடும். போத்தலை இளஞ்சூடான நீரில் சிறிது நேரம் நிறுத்தி, எண்ணெய் இளகியதும் முதலில் சவர்க்காரத்தோடு குழைத்து, பின்னர் வெதுவெதுப்பான நீரைச் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். கலந்த கரைசலை அன்றே பயன்படுத்திவிட வேண்டும்.

மாலையில் தெளிக்குமாறு பல கையேடுகள் கூறுகின்றன. வெயில் கொளுத்தும் ஊர்களுக்கு அது பொருந்தும். இங்கோ பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிடுவதால், மாலையில் நனைந்த இலை விடியும்வரை ஈரமாகவே இருந்து, பெகோனியா போன்றவற்றில் சாம்பல் பூஞ்சைக்கு இடமளிக்கும். காலைப் பனி விலகிய பின், நேர் வெயில் படாத இடத்தில் வைத்துத் தெளித்தால் மாலைக்குள் காய்ந்துவிடும். பன்னம், ஆபிரிக்கன் வயலட், சதைப்பற்றான இலையுடைய செடிகள் ஆகியவை சவர்க்காரத்தையும் எண்ணெயையும் தாங்குவது அரிது. ஓர் இலையில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்த்த பின்னரே மற்ற இலைகளுக்குச் செல்ல வேண்டும்.

எந்தக் கரைசலும் முட்டையைக் கொல்லும் என்று நம்பக் கூடாது. கண்டி, பதுளை போன்ற வெப்பமான பகுதிகளில் 5 முதல் 7 நாளுக்கு ஒருமுறையும், நுவரெலியா, ஹட்டன் பக்கத்தில் 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறையும், குறைந்தது மூன்று தடவையாவது தெளிக்க வேண்டும். குளிரில் முட்டை பொரிப்பது தாமதமாவதால், ஒரு தடவையோடு பூச்சி ஒழிந்தது போலத் தோன்றி, சில வாரங்களில் திரும்பி வரும். ஏப்ரல் வசந்த காலத்தில் நுவரெலியாவில் வாங்கிவரும் செடிகளை மற்றவற்றோடு சேர்க்காமல் மூன்று வாரமாவது தனியே வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான்.

தேயிலைக்கு அடிக்கும் மருந்தில் எஞ்சியதைச் சோடாப் போத்தலில் கொண்டுவந்து வீட்டுச் செடிக்கு அடிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இதை முற்றாகக் கைவிட வேண்டும். அந்த மருந்துகள் திறந்த வெளிக்கும் குறிப்பிட்ட பயிருக்கும் உரியவை, பிள்ளைகள் உறங்கும் அறைக்கு உரியவை அல்ல. பெயரொட்டி இல்லாத போத்தலை யாரேனும் எடுத்துக் குடித்துவிடும் ஆபத்தும் உண்டு. செடியின் பாதிக்கு மேல் பூச்சி பற்றியிருந்தால் அதைக் காப்பாற்ற முயல்வதைக் காட்டிலும் அகற்றிவிடுவதே நல்லது. அதை வேலிக்கு அப்பால் வீசாமல் பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்தவோ ஆழமாகப் புதைக்கவோ வேண்டும். சாடியை மீண்டும் பயன்படுத்துவதற்கு முன், சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவி, வெயில் வரும் நாளில் நன்றாக உலர்த்திக்கொள்ள வேண்டும்.