மைலோ டின்னில் ஒரு நன்றி

டிசம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ் பலகாரம், புதுத்துணி, தேவாலயப் பாட்டுப் பயிற்சி என்று வீடு பரபரப்பாகிவிடும். நன்றி சொல்ல வேண்டிய மாதத்தில் அதற்குத்தான் நேரம் கிடைப்பதில்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டில் ஒரு காலி மைலோ டின் வைத்திருக்கிறோம். 1ஆம் தேதி முதல் தினமும் இரவு ஜெபத்துக்குப் பின், ஆளுக்கொரு துண்டுச் சீட்டில் அன்றைக்கு நன்றி சொல்ல வேண்டிய ஒன்றை எழுதிப் போடுவோம். "எல்லாவற்றுக்கும் நன்றி ஆண்டவரே" என்று எழுதக்கூடாது. யார், என்ன செய்தார் என்று குறிப்பாக எழுத வேண்டும். போன வருஷம் அம்மாவின் சீட்டில் இருந்தது இதுதான்: "மழையில் லிஃப்ட் வரைக்கும் குடை பிடித்து வந்த ஜாகா." (ஜாகா என்றால் காவலாளி.)

நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். 24ஆம் தேதி மாலை, நள்ளிரவு ஆராதனைக்குக் கிளம்புமுன் டின்னைக் கவிழ்த்து, எல்லாச் சீட்டையும் சத்தமாக வாசித்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள். கஷ்டமான வருஷமாக இருந்தால் இது இன்னும் அவசியம். அழுகை வந்தாலும் பரவாயில்லை.

அதோடு நிறுத்திவிடாதீர்கள். லூக்கா 17ஆம் அதிகாரத்தில் குணமான குஷ்டரோகிகள் பத்துப் பேர்; நன்றி சொல்லத் திரும்பி வந்தவன் ஒருவன், அவனும் சமாரியன். சீட்டில் பெயர் இருக்கும் ஆட்களை நேரில் போய்ப் பாருங்கள். முறுக்கோ கேக்கோ கையில் இருக்கட்டும். மலாய்க்காரர் வீட்டுக்கு ஹலால் முத்திரையுள்ள பிஸ்கட் டின் நல்லது. வெளியூரில் இருப்பவருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பாமல், உங்கள் குரலிலேயே பேசி அனுப்புங்கள்.

அம்மா அந்த ஜாகாவுக்கு ஒரு டப்பா அதிரசம் கொண்டுபோய்க் கொடுத்தார்.