தோட்டப் பள்ளிக்கு ஒரு மிசி (நர்ஸ்) வைப்பது எப்படி

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் "நம்ம பள்ளிக்கு ஒரு மிசி வேண்டும்" என்று யாராவது எழுந்து சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். மாதாமாதம் சம்பளம் யார் கொடுப்பது என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் நான் சங்கப் பொருளாளர். தோட்ட ஆபீஸில் கிராணி (எழுத்தர்) வேலை. கணக்குப் பார்க்கிறவள் என்பதால் சம்பளத்திலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நிலவரம். நம் ஆரம்பப் பள்ளிகளில் மிசி நிரந்தரமாக இருப்பதில்லை. 1967இல் தொடங்கிய பள்ளிச் சுகாதாரச் சேவையில் அரசு கிளினிக்கிலிருந்து ஒரு குழு வரும். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போடும், எடை, உயரம், கண் பார்க்கும், புத்தகத்தில் எழுதிவிட்டுப் போகும். பல் பார்க்க வேறு குழு. அவர்கள் வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் மற்ற நாட்களில் மயங்கி விழுகிற பிள்ளைக்கு ஆசிரியர்தான் கதி. முன்பெல்லாம் தோட்டத்திலேயே மருந்து கொடுக்க, காயத்துக்குக் கட்டுப் போட டிரஸ்ஸர் இருப்பார், தூக்கிக்கொண்டு ஓடலாம். இப்போது பல தோட்டங்களில் அதுவும் இல்லை. அம்மா அப்பா விடியும் முன்பே செம்பனைத் தோட்டத்துக்குள் வேலைக்குப் போயிருப்பார்கள், அங்கே போன் லைன் கிடைக்காது.

எழுபது எண்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு முழுநேர மிசியை நம்மால் தாங்க முடியாது. அதனால் பக்கத்துப் பள்ளிகள் இரண்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று பள்ளி, வாரத்தில் பள்ளிக்கு ஒரு காலை, நான்கு மணி நேரம். மணிக்கு 25 ரிங்கிட் என்றால் வாரத்துக்கு 300. நாற்பது வாரத்துக்கு 12,000. நாம் அழைக்கப்போவது ஓய்வுபெற்ற மிசியை. அறுபது வயது தாண்டியவருக்கு முதலாளி கட்ட வேண்டிய இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) 4 விழுக்காடு, அதாவது 480. சொக்சோ (தொழிலாளர் காப்புறுதி), பெட்ரோல், கையுறை, பஞ்சு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 13,500 என்று வையுங்கள். ஒரு பள்ளியின் பங்கு 4,500. இந்த எண்ணைக் கூட்டத்தில் போர்டில் எழுதிப் போட்டால் பேச்சு மறுபடி ஓடும்.

பணம் எங்கிருந்து? பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி கல்வியமைச்சு தரும் பிசிஜி மானியம் கற்றல் கற்பித்தலுக்கு வருவது, அதைத் தொடாதீர்கள். தோட்டக் கம்பெனியைக் கேளுங்கள். ஆர்எஸ்பிஓ, எம்எஸ்பிஓ என்னும் நிலைத்தன்மைச் செம்பனைச் சான்றிதழ் உள்ள தோட்டங்கள் சுற்றுவட்டார மக்களை அழைத்துக் கூட்டம் போடுவார்கள். பள்ளிக்கும் கடிதம் வரும். பலர் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேசி, கோரிக்கை குறிப்பேட்டில் ஏறியதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். குறிப்பேட்டில் ஏறியதற்கு நிர்வாகம் பதில் சொல்லியாக வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் அதைப் புரட்டுவார். நான் அந்தக் கோப்பை அடுக்குகிற இடத்தில் இருப்பதால் சொல்கிறேன்.

அடுத்து முன்னாள் மாணவர்கள், கோயில் கமிட்டி, சட்டமன்ற உறுப்பினரின் மானியம். கொடுக்கிறவர்களுக்குக் கட்டில், எடை மெஷின் வாங்கித் தரத்தான் ஆசை, அதில் பெயர் எழுதலாம். நன்றி சொல்லிவிட்டு, "அண்ணே, ஒரு மாதச் சம்பளத்தை நீங்க ஏத்துக்குங்க" என்று கேளுங்கள். கட்டில் யாரையும் கவனிக்காது. வருமான வரிக் கழிவு உண்டா என்று கேட்பார்கள். 44(6) பிரிவில் அங்கீகாரம் பெற்ற அமைப்பு மட்டுமே அப்படி ரசீது தர முடியும், இல்லாததை வாக்குக் கொடுக்காதீர்கள். ஓராண்டுப் பணம் பேங்கில் சேராமல் ஆளை அழைக்க வேண்டாம். பாதியில் நின்றுபோனால் அடுத்த முறை யாரும் நம்பமாட்டார்கள்.

ஆள் தேடுவது சுலபம் என்பேன். அரசு கிளினிக்கில் வேலை செய்து ஓய்வுபெற்ற அக்காக்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், மலாய்ப் படிவம் நிரப்பத் தெரியும், எந்தப் பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளை என்றும் தெரியும். ஆனாலும் மூன்றைச் சரிபாருங்கள்: மலேசியத் தாதியர் வாரியத்தில் பதிவு, இந்த ஆண்டுக்கான ஏபிசி (APC) என்னும் தொழில் செய்யும் சான்றிதழ், பிள்ளைகளுக்கு எதிரான குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் இல்லை என்று சமூகநல இலாகாவின் உறுதி. எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும் சரி. அப்புறம் தலைமையாசிரியர் வழியாக மாவட்டக் கல்வி இலாகாவுக்கும் சுகாதார இலாகாவுக்கும் கடிதம். சம்பளம் எந்தப் பள்ளியின் கணக்கிலிருந்து போகும், யார் கையெழுத்து என்பதை மூன்று சங்கங்களும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அறைக்குக் கிளினிக் என்று பெயர்ப் பலகை மாட்டாதீர்கள். 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் கிளினிக்குக்குப் பதிவு வேண்டும். அது முதலுதவி அறை, அவ்வளவுதான். டாக்டர் எழுதித் தராத மாத்திரையை மிசி கொடுக்கமாட்டார், பெற்றோர் வற்புறுத்தவும் கூடாது.

வாரத்தில் ஒரு காலை வந்து என்ன பயன் என்று கேட்பார்கள். எங்கள் மிசி அக்கா முதலில் செய்தது இழுப்பு (ஆஸ்துமா) உள்ள பிள்ளைகளின் பட்டியல். ஒவ்வொருவருக்கும் ஒரு ஜிப் பை. அதில் டாக்டர் எழுதித் தந்த நீல இன்ஹேலர், காலாவதித் தேதி, அம்மாவின் எண், தோட்ட ஆபீஸ் எண். ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டி மூச்சு இழுக்கும் குழாய்) இல்லாத பையனுக்கு 500 மில்லி தண்ணீர்ப் போத்தலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக உட்காரும்படி ஓட்டை போட்டு, விளிம்பில் டேப் ஒட்டி, ஒரு முறை அழுத்தியதும் போத்தல் வாயில் மெதுவாக மூச்சு இழுக்கச் சொல்லி, ஆசிரியர்களையே செய்து பார்க்க வைத்தார். புகைமூட்டம் வந்தால் அந்தப் பட்டியலைத்தான் முதலில் எடுக்கிறோம். பாம்பு கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, காலை அசைக்காமல் வைத்து 999க்கு அழை என்பதையும் அவரே எழுதி ஆபீஸ் கதவில் ஒட்டினார். அவர் வராத நாட்களுக்கான ஆயத்தம்தான் அவர் வேலையில் பெரும்பங்கு.

ஒரு நோட்டு மட்டும் தவறாமல் போடுங்கள்: தேதி, பிள்ளை எந்த ஆண்டு படிக்கிறது, என்ன கோளாறு, என்ன செய்தோம், வீட்டுக்கு அனுப்பினோமா, கிளினிக்குக்கா. ஆண்டு முடிவில் அதைக் கூட்டிப் பணம் கொடுத்தவர்களுக்கு ஒரு பக்கம், சுகாதார இலாகாவுக்கு ஒரு பக்கம். நிரந்தரப் பணியிடம் கேட்டுப் போகும்போது கையில் இருக்க வேண்டியது இந்தத் தாள்தான். பிள்ளைகளின் பெயர் மட்டும் அதில் வரவேண்டாம்.