ஹோட்டல் கட்ட அனுமதி மறுக்கப்பட்டதா? இங்கிலாந்தில் மேல்முறையீடு செய்வது எப்படி

மாதக்கணக்கில் வரைபடமும் அறிக்கையும் தயாரித்துக் கொடுத்த ஹோட்டல் திட்டத்தைக் கவுன்சில் மறுத்துவிட்டால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபத்தோடு மேல்முறையீட்டை எழுத உட்காராதீர்கள். மறுப்பு ஆணையில் உள்ள காரணங்களுக்குப் பதில் சொல்வதில்தான் உங்கள் முழு பலமும் இருக்கிறது.

படி 1: தேதி

1990ஆம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டம், 78ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது. புதிய ஹோட்டலுக்குப் பொதுவாக 6 மாத அவகாசம். ஆணை கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, அதில் போட்டிருக்கும் தேதியிலிருந்து எண்ணுங்கள். அனுமதியில்லாத பணிக்கு எதிரான அமலாக்க நோட்டீஸும் வந்திருந்தால் அவகாசம் 28 நாளாகச் சுருங்கிவிடலாம். விண்ணப்பம் யார் பெயரில் போனதோ, அவர் பெயரில்தான் மேல்முறையீடும் போக வேண்டும்.

படி 2: மறுப்புக் காரணங்களைப் பிரித்தெடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ஆணையையும் கவுன்சில் அதிகாரியின் அறிக்கையையும் அருகருகே வைத்து வரிவரியாகப் படியுங்கள். அதிகாரி அனுமதிக்கப் பரிந்துரைத்து, கவுன்சிலின் திட்டமிடல் குழு உறுப்பினர்கள் மறுத்திருந்தால், அந்த அறிக்கையே உங்களுக்குச் சாட்சி.

உதாரணமாக, "நான்காம் மாடி பின்புற வீடுகளின் வெளிச்சத்தைக் கெடுக்கும்" என்பது காரணம் என்று வைத்துக்கொள்வோம். எந்த வீடு, எந்த ஜன்னல், உள்ளூர்த் திட்டத்தின் (எங்கே எதைக் கட்டலாம் என்று கவுன்சில் வகுத்த ஆவணம்) எந்தக் கொள்கை என்று கேளுங்கள். வெளிச்சத்துக்கு எல்லோரும் எடுத்துப் பார்ப்பது, கட்டட ஆராய்ச்சி அமைப்பான பி.ஆர்.இ.யின் வழிகாட்டி. ஜன்னலுக்குத் தெரியும் வானத்தின் அளவு, கட்டிய பிறகு 27 சதவீதத்துக்குக் கீழே போய், முன்பிருந்ததில் 0.8 பங்குக்கும் குறைந்தால், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும் என்கிறது அது. இப்போது 31 சதவீதம், கட்டிய பிறகு 28 என்று ஒவ்வொரு ஜன்னலுக்கும் அட்டவணை போட்டுக் காட்டுங்கள். "வெளிச்சம் போதுமானது" என்று பத்துப் பக்கம் எழுதினாலும் அதற்கு ஈடாகாது.

போக்குவரத்து காரணமாக இருந்தால், தேசியக் கொள்கை வைத்திருக்கும் அளவுகோல் உயரமானது: சாலைப் பாதுகாப்புக்கு ஏற்க முடியாத பாதிப்பு இருக்க வேண்டும், அல்லது நெரிசல் கடுமையாக இருக்க வேண்டும். ஹோட்டலை நகர மையத்துக்குரிய பயன்பாடாகவும் அதே கொள்கை கருதுகிறது. உங்கள் இடம் மையத்துக்கு வெளியே இருந்து, உள்ளூர்த் திட்டத்திலும் அதற்கென ஒதுக்கப்படாமல் இருந்தால், உள்ளே பொருத்தமான இடம் கிடைக்கவில்லை என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

படி 3: மேல்முறையீடா, புதிய விண்ணப்பமா?

மறுப்புக் காரணம் நியாயமானது, ஒரு மாடியைக் குறைத்தால் தீர்ந்துவிடும் என்றால், கவுன்சிலோடு பேசித் திருத்திய விண்ணப்பம் போடுங்கள். மேல்முறையீடு என்பது திட்டத்தை மாற்றி வரைந்து மெருகேற்றும் இடமல்ல. மேல்முறையீட்டைத் தீர்மானிக்கும் ஆய்வாளர் முழுத் திட்டத்தையும் புதிதாக எடைபோடுவார் என்பதையும் மறவாதீர்கள். மறுவிண்ணப்பத்துக்கு முன்பிருந்த இலவசச் சலுகை 2023 டிசம்பர் 6 முதல் நீக்கப்பட்டது; கட்டணத்தையும் கணக்கில் சேருங்கள்.

படி 4: விசாரணை முறை

மூன்று முறைகள் உண்டு: எழுத்து வழி, மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும் ஹியரிங், வழக்கறிஞர்கள் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யும் இன்கொயரி. எது உங்களுக்குப் பொருந்தும் என்று நீங்கள் சொல்லலாம். முடிவு, மேல்முறையீடுகளைக் கையாளும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட் கையில். வெளிச்சம், உயரம் போன்ற ஓரிரு பிரச்சினைகளுக்கு எழுத்து வழியே போதும் என்பேன். இன்கொயரி கேட்பதானால், மேல்முறையீடு போடுவதற்குக் குறைந்தது 10 வேலை நாட்களுக்கு முன்பே கவுன்சிலுக்கும் இன்ஸ்பெக்டரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும்.

படி 5: சமர்ப்பித்தல்

இணையத்தில் போடலாம், கட்டணம் இல்லை. விண்ணப்பப் படிவம், மறுப்பு ஆணை, வரைபடங்கள், உங்கள் முழு வாதம் எல்லாம் ஒன்றாகப் போக வேண்டும். கவுன்சிலுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். மிச்சத்தைப் பிறகு சேர்க்கலாம் என்று எதையும் ஒதுக்கி வைக்காதீர்கள்.

ஆய்வாளர் இடத்தைப் பார்க்க வரும்போது நீங்களும் உடன் இருந்தால், அங்கே வாதாட அனுமதி இல்லை. "அந்த இரண்டாம் ஜன்னலைப் பாருங்கள்" என்று சுட்டிக்காட்டலாம், அவ்வளவுதான். அவரவர் செலவு அவரவருக்கு. எதிர்த்தரப்பு நியாயமற்று நடந்து உங்களுக்கு வீண் செலவு வைத்திருந்தால் மட்டுமே அதைக் கேட்கலாம். தீர்ப்பும் பாதகமாக வந்தால், 6 வாரத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே ஹோட்டல் நல்லதா கெட்டதா என்று யாரும் பார்க்கமாட்டார்கள். ஆய்வாளர் செய்த சட்டப்பிழையைத்தான் காட்ட வேண்டும்.