வடகிழக்குச் சார்டினியாவில் பாய்மரப் படகு: காற்றைப் பார்த்து வழி போடுங்கள்

இத்தாலியத் தீவான சார்டினியாவின் வடகிழக்கு மூலையில் ஒரு வாரத்துக்குப் படகு வாடகைக்கு எடுப்பவர்கள், வரைபடத்தில் ஏழு விரிகுடாக்களை வட்டமிட்டு நாளுக்கு ஒன்றென்று பட்டியல் போட்டு வருகிறார்கள். அந்தப் பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்வேன். இங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை, பலாவ் துறைக்கு எதிரிலேயே லா மத்தலேனா தீவுகள் கிடக்கின்றன. வழியைத் தீர்மானிப்பது மிஸ்ட்ரல் என்கிற வடமேற்குக் காற்று.

வடக்கே பிரான்சைச் சேர்ந்த கோர்சிகா, தெற்கே சார்டினியா, இரண்டுமே மலைத்தீவுகள். நடுவிலுள்ள போனிஃபாசியோ நீரிணை, குறுகலான இடத்தில் சுமார் 11 கி.மீ.தான். மேற்கிலிருந்து வரும் காற்று இந்த இடுக்கில் நெருக்குண்டு வேகமெடுக்கும். வெளிக்கடலில் 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) என்றால் உள்ளே 30 அடிப்பது அபூர்வமல்ல. வானம் பளிச்சென்று இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், மிஸ்ட்ரல் பெரும்பாலும் தெளிந்த வானத்தோடுதான் வரும். படகின் வி.எச்.எஃப். வானொலியில் 68-ஆம் சேனலில் வானிலை அறிக்கை இத்தாலியனிலும் ஆங்கிலத்திலும் ஓடிக்கொண்டே இருக்கும். காபி போடும்போதே கேட்டுவிடுங்கள். தீவின் மறைவைத் தாண்டும் முன்பே பாயைச் சுருக்குங்கள். தாண்டியபின் அதே வேலைக்கு இரண்டு மடங்கு ஆள் வேண்டும்.

அப்புறம் இரவுத் தங்கல். வடமேற்குக் காற்று வரும் என்றால், லா மத்தலேனா தீவுகளில் ஒன்றான கப்ரேராவின் தெற்கே திறந்த போர்த்தோ பால்மா விரிகுடா என் முதல் தேர்வு. இத்தாலியை ஒன்றிணைக்கப் போராடிய கரிபால்டி கடைசிக்காலத்தைக் கழித்த தீவு அது, அவர் வீட்டையும் பார்த்துவிடலாம். காற்று தெற்குக்குத் திரும்பும் என்றால் அங்கே தங்காதீர்கள்.

நங்கூரம் போடும் இடத்தைக் கண்ணால் தேர்ந்தெடுங்கள். வெளிர்பச்சையாகத் தெரிவது மணல். கருத்துத் தெரிவது பெரும்பாலும் பொசிடோனியா கடற்புல். புல்லில் நங்கூரம் சரியாகப் பிடிக்காது, பிடித்தாலும் மெதுவாக வளரும் அந்தப் புல்வெளியை வேரோடு பிடுங்கும். ஆழத்தோடு நீர்மட்டத்துக்கு மேலுள்ள படகின் முன்பக்க உயரத்தையும் கூட்டி, அதைப்போல் ஐந்து மடங்கு சங்கிலி விடுங்கள். 4 மீட்டர் ஆழம், 1 மீட்டர் உயரம் என்றால் 25 மீட்டர். எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டி இறுக்கியபின், முகமூடி மாட்டிக் குதித்து நேரில் பாருங்கள். கரையிலுள்ள இரண்டு பாறைகள் ஒரே கோட்டில் நிற்கும்படி குறித்துக்கொண்டால், படகு நகர்கிறதா என்பது ராத்திரியில் எழுந்தாலும் தெரியும். ஓதம், அதாவது கடல்மட்ட ஏற்ற இறக்கம், சில பத்து சென்டிமீட்டர்தான், அந்தக் கணக்கு வேண்டாம்.

லா மத்தலேனா தீவுகள் 1994-இல் அமைந்த தேசியப் பூங்கா. உள்ளே படகோட்ட அனுமதிச்சீட்டு தேவை, முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். புதெல்லித் தீவின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் கால் வைக்கக் கூடாது, தூரத்திலிருந்து பார்ப்பதோடு சரி. நுண்ணுயிர் ஓடுகளின் துகள்கள் தந்த நிறம் அது. ஆட்கள் மணலை அள்ளிப்போனதால் வந்த தடை. நியாயமான தடை என்பேன்.

துறைமுகத்தில் பின்பக்கத்தைக் கரைக்குக் கொடுத்துக் கட்டுவதுதான் வழக்கம். கரையோரம் மெல்லிய கயிறு ஒன்றைத் தருவார்கள். அதைப் பிடித்தபடியே முன்பக்கம் நடந்துபோனால், கடலடியில் கட்டிய தடித்த கயிறு மேலே வரும். அதை இறுக்கிக் கட்டுங்கள். கட்டி முடியும்வரை எஞ்சின் நியூட்ரலில் இருக்கட்டும், அந்தக் கயிறு ப்ரொப்பெல்லரில் சுற்றினால் அன்றைய சாப்பாடு தள்ளிப்போகும். குறுக்குக்காற்று என்றால் காற்று வரும் பக்கத்துப் பின்கயிற்றை முதலில் கொடுங்கள்.

நீரிணையைத் தாண்டி கோர்சிகாவின் போனிஃபாசியோ துறைமுகத்துக்குக் கடக்க காற்று தணிந்த நாள் வரும்வரை காத்திருங்கள். பிரெஞ்சுக் கொடியை வலதுபக்கம் ஏற்றுங்கள். சுண்ணாம்புப் பாறைச் சுவரில் துறைமுக வாய் கிட்டே போகும்வரை கண்ணில் படாது, கலங்கரை விளக்கத்தைப் பிடித்துப் போங்கள். ஆகஸ்டில் மதியத்துக்குள் சேராவிட்டால் இடம் கிடைப்பது கஷ்டம். இல்லையென்றால் எதிர்க்கரை சாந்தா தெரேசாவுக்கு இருட்டுமுன் திரும்பிவிடுங்கள்.