அனிமேஷன் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிப்படை அனிமேஷன் வகுப்பில் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் முகங்கள் மாறுகின்றன, தவறுகள் மாறுவதில்லை. நாங்கள் படித்த காலத்தில் செய்த அதே கோளாறுகள்தான், இப்போது பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில். ஃபைலைச் சேமிக்க மறப்பது, கீ (இந்த நேரத்தில் பொருள் இங்கே, இப்படி என்ற பதிவு) போடாமல் கேரக்டரை நகர்த்துவது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை வேலை பறிபோனால் அந்தப் பழக்கம் தானாகச் சரியாகிவிடும்.

பந்து மெத்தையில் விழுகிறதா?

முதல் பயிற்சி, குதிக்கும் பந்து. மேலே ஒரு கீ, தரையில் ஒரு கீ, மறுபடி மேலே ஒரு கீ. ஓட்டிப் பார்த்தால் பந்து தரையை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, மெத்தையில் இறங்கியதுபோல் பதமாகத் தொட்டுவிட்டுப் போகிறது. நாம் எதையும் மாற்றாவிட்டால் பிளெண்டர் இரண்டு கீகளுக்கு இடையே பெசியர் வளைவைப் போடும். அது ஒவ்வொரு கீயையும் மெதுவாக நெருங்கி மெதுவாக விலகும். உச்சியில் அது சரி, தரையில் தப்பு. அசைவைக் கோடாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் தரைக் கீயைத் தேர்ந்தெடுத்து, வி விசையை அழுத்தி, ஹேண்டிலை (கோட்டை வளைக்கும் பிடி) வெக்டராக மாற்றுங்கள். வளைவு அங்கே கூர்மையாக மடங்கும்.

நேரத்தையும் குத்துமதிப்பாக வைக்காதீர்கள். நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 படம், என்றால், 1 மீட்டர் உயரத்திலிருந்து விழச் சுமார் 11 ஃபிரேம் ஆகும். 4 மீட்டருக்கு 44 என்று போடுவார்கள், 22தான். உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகும்.

நடுவில் வருவதைக் கணினியிடம் விடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. ஒரு மாணவர் தண்ணீர் கேன் தூக்கும் ஆளை எடுத்துக்கொண்டார். நல்ல தேர்வு. குனிந்து கேனைப் பிடிப்பது ஒரு போஸ், நிமிர்ந்து தோளில் வைத்திருப்பது இன்னொரு போஸ், இடையில் 30 ஃபிரேம். மற்றது எங்கே என்றால், "நடுவுல கம்ப்யூட்டரே போட்டுடும் சார்."

போடும். ஆனால் 20 லிட்டர் தண்ணீர் 20 கிலோ என்பது அதற்குத் தெரியாது. இடுப்பு, முதுகு, கை, தலை எல்லாம் ஒரே ஃபிரேமில் கிளம்பி ஒரே ஃபிரேமில் நிற்கும். கை ஐகேயில் (உள்ளங்கையை இழுத்தால் முழங்கை தானாக மடங்கும் முறை) இருந்தால் கை கன்ட்ரோல் (கையை நகர்த்தும் பிடி) நேர்கோட்டில் வழுக்கிக்கொண்டு போகும். திரையில் தெரிந்தது காலி கேன்.

எடையே இல்லையே என்று சொன்னதும் ஒட்டுவேலை தொடங்கியது. 8வது ஃபிரேமில் இடுப்புக்கு ஒரு கீ, 11இல் முதுகுக்கு, 13இல் கைக்கு. கொஞ்ச நேரத்தில் எந்தக் கோடு எதைச் செய்கிறது என்று போட்டவருக்கே புரியவில்லை. கேன் ஐந்து ஃபிரேம் தாமதமாக எழட்டும் என்றால், சேர்த்துப் பிடித்து நகர்த்தக்கூடிய ஒரு போஸ்கூட டைம்லைனில் இல்லை. கீகள் சிதறிக் கிடந்தன. கடைசியில் சமர்ப்பிக்க வேண்டியதற்கு முந்தைய இரவு அத்தனையையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

செய்ய வேண்டியது இதுதான். டி (T) விசையை அழுத்திக் கீகளைக் கான்ஸ்டன்ட் (அடுத்த கீ வரை அசையாமல் நிற்பது) ஆக்குங்கள். மாயா மென்பொருளில் இதற்கு ஸ்டெப்டு என்று பெயர். ஒரு போஸ் வைத்தால் எல்லாக் கன்ட்ரோலுக்கும் அதே ஃபிரேமில் கீ போடுங்கள். படம் போஸுக்குப் போஸ் தாவும். அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். கேனின் கழுத்தைப் பிடிக்கிறான், முழங்கால் மடங்கி இடுப்பு இன்னும் கீழே இறங்குகிறது, இடுப்பு எழுகிறது, ஆனால் கேன் தரையைவிட்டு நகரவில்லை, கை இழுபட்டு விறைக்கிறது, கேன் தொடைக்கு வரும்போது உடல் எதிர்ப்பக்கம் சாய்கிறது, பிறகுதான் தோள். அந்த மூன்றாவது போஸில்தான் எடை இருக்கிறது. முதல் போஸுக்கும் கடைசி போஸுக்கும் இடையே எப்படிச் சராசரி எடுத்தாலும் அது கிடைக்காது.

தாவுகிற இந்தப் படத்தை வகுப்பில் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள். கேன் கனமா, காலியா என்று அவர் சரியாகச் சொன்ன பிறகே பெசியருக்கு மாற்றுங்கள். பாதி நேரம் இப்படிப் போஸ்களை மட்டும் வைக்கும் பிளாக்கிங்குக்கே போய்விட்டதே என்று சிலர் பதறுவார்கள். அதற்குத்தான் அந்த நேரம்.

ஃபோனில் எடுத்த வீடியோ

நீங்களே கேனைத் தூக்கிப் படம் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் ஃபோன் பெரும்பாலும் நொடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும், உங்கள் காட்சி 24. எண்ணியதை அப்படியே போட்டால் அசைவு மந்தமாகும். வீடியோவில் 5 என்றால் உங்களுக்கு 4.

ரிக் போடும் முன் ஸ்கேல்

ரிக் என்பது கேரக்டரை அசைக்கும் எலும்புக்கூடு. அதைப் போடும் முன் கன்ட்ரோல் விசையோடு ஏ, ஸ்கேல் அப்ளை. கேள்வி கேட்காதீர்கள்.

நேராக எம்பி4 ஆக ரெண்டர் செய்வது

வேண்டாம். ரெண்டர் என்பது காட்சியைப் படங்களாக்குவது; 10 நொடிக் காட்சி 240 படங்கள். 200இல் கரண்ட் போனால் அந்த வீடியோ ஃபைல் திறக்காமலே போகலாம். தனித்தனி பிஎன்ஜி படங்களின் வரிசையாக எடுத்தால் முடிந்த படங்கள் பத்திரமாக இருக்கும்; பழைய ஃபைல் மேல் எழுதும் ஓவர்ரைட் டிக்கை எடுத்துவிட்டு மறுபடி ரெண்டர் கொடுங்கள், விட்ட இடத்திலிருந்து தொடரும். பிளேஸ்ஹோல்டர் (இடம்பிடிக்கும் காலி ஃபைல்) டிக் செய்திருந்தால், காலியாக நிற்கும் கடைசிப் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதையும் முடிந்த கணக்கில் சேர்த்து பிளெண்டர் தாண்டிப் போய்விடும்.